அறை அறையாகக் காற்று

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் விமானத்தையும் நந்தியையும் சுற்று மண்டபத்தையும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடக்கிய வெள்ளைக் கோயில் ஒன்று டெல்டாவில் பல வீட்டு அலமாரிகளில் இருக்கும். கல்யாணத்துக்கோ புதுமனை புகுவிழாவுக்கோ பரிசாக வந்திருக்கும். முதல் பார்வையில் தந்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. தூக்கினால் கனப்பது கண்ணாடியும் அடிப்பலகையும்தான். கோயிலுக்கு எடை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அது நெட்டி. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதே நெட்டியைச் சாயத்தில் தோய்த்து, நறுக்கி, கோத்துத்தான் மாட்டுப் பொங்கலன்று மாடுகளின் கழுத்தில் மாலையாகப் போடுகிறோம். ஒரத்தநாட்டுப் பக்கம் அந்த மாலைக்கென்றே வேலை நடக்கிற ஊர் உண்டு.

கைவினையை இன்னொரு நாள் பேசலாம். எனக்கு இப்போது அந்த எடையின்மைதான் வேண்டும். அமெரிக்காவில் மான் முடியைக் கொக்கியில் கட்டிச் செயற்கைத் தவளை செய்து மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மான் முடி எதனால் மிதக்கிறதோ அதனால்தான் நெட்டிக் கோயிலும் கனக்காமல் இருக்கிறது. அவர்கள் பிடிக்கும் மீனுக்கும் நம் வாய்க்கால் விராலுக்கும்கூட வேட்டையாடும் விதத்தில் ஒற்றுமை உண்டு.

முதலில் நெட்டி. ஏரியோரத்திலும், தண்ணீர் வடியாத பள்ளத்திலும், குளத்திலும் தானாக முளைக்கும் செடி இது. அவரைக் குடும்பம். தாவரவியலார் வைத்த பெயர் ஈஸ்கைனோமினி ஆஸ்பெரா. தண்ணீருக்கு மேலே இருக்கும் தண்டு சாதாரணமாக இருக்கும். தண்ணீருக்குள் இருக்கும் பகுதி மட்டும் பருத்துக்கொள்ளும். அதை அறுத்துக் காயவைத்து, மெல்லிய பழுப்புத் தோலைச் சீவினால் உள்ளே தூய வெள்ளை. தண்டின் நடுச்சோறு என்றுதான் தோன்றும். ஆனால் தாவரவியல் கணக்கில் அது மரக்கட்டை. தேக்கில் எந்தத் திசு இறுகி வைரம் பாய்கிறதோ, அந்தத் திசுதான் இங்கே இப்படி ஆகியிருக்கிறது. தேக்கு அதைத் தடித்த சுவர்களால் கட்டுகிறது. நெட்டி சுவரைக் காகிதத்தைவிட மெலிதாக வைத்துவிட்டு மிச்ச இடத்தைக் காற்றுக்கு விட்டுவிடுகிறது. குறுக்கே சீவிய ஒரு துணுக்கை நுண்ணோக்கியில் வைத்தால் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றும் நாலு பக்கமும் மூடியவை. ஓர் அறையிலிருந்து பக்கத்து அறைக்குப் போகத் திறந்த வாசல் கிடையாது.

அந்த வெள்ளைக்கும் சாயம் எதுவும் காரணமில்லை. காற்றறையின் ஒவ்வொரு சுவரிலும் வெளிச்சம் பட்டுத் தெறித்து, மறுபடி தெறித்து, எல்லா நிறமும் கலந்து திரும்பி வருவதால் தெரியும் வெள்ளை அது. அறைகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிறைந்தால் அந்தப் பளிச்சென்ற வெண்மை மங்கிவிடும்.

செடி எதற்காக இத்தனை காற்றைச் சேர்த்து வைக்கிறது? சேற்றில் மூச்சு முட்டும் என்பதற்காக. ஆக்சிஜன் காற்றில் பரவுகிற வேகத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் தண்ணீரில் பரவும். வயலில் தண்ணீர் கட்டிய ஓரிரு நாளில் மண்ணிலிருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் தீர்த்துவிடும். அதற்குப் பிறகு அந்தச் சேற்றில் வேர் ஊன்றி நிற்க வேண்டுமானால் மேலேயிருந்து காற்றைக் கொண்டுவர வழி வேண்டும். நெட்டி ஒரு வழி கண்டுபிடித்தது. நெல் வேறொரு வழி.

நெல்லின் வழியைக் கண்ணால் பார்க்கலாம். நட்டு ஒரு மாதமான சம்பாப் பயிரில் ஒரு குத்தைச் சேற்றோடு பிடுங்கி வாய்க்காலில் அலசிப் பாருங்கள். இளவேர்கள் வெள்ளையாக இருக்கும். முதிர்ந்த வேர்களின் மேல் துருப்பிடித்த செம்பழுப்புப் பூச்சு ஒட்டியிருக்கும். அது உண்மையிலேயே துருதான். நெல்வேரின் உள்ளே சில செல்கள் தாமாகவே செத்து இடம்விட்டு, இலையிலிருந்து வேர் நுனிவரை காற்றுக் குழாய்களாகிவிடுகின்றன. தண்ணீர் கட்டிய வேரில் தேங்கும் எத்திலீன் வாயுதான் அந்தச் செல்களுக்குச் சாகச் சொல்லும் சேதி. (வாழைத்தாரைப் பழுக்கவைப்பதும் இதே எத்திலீன்தான்.) குழாயில் இறங்கிவரும் ஆக்சிஜனில் கொஞ்சம் வேரைத் தாண்டிக் கசிகிறது. கசிந்தது சேற்றில் கரைந்திருக்கும் இரும்போடு சேர்ந்து துருவாகி வேர்மேல் படிகிறது. காவிரிப் படுகையில் இத்தனை நூற்றாண்டாகத் தண்ணீரில் நின்று சோறு தந்த பயிரின் ரகசியம் இந்தக் காற்றுக் குழாய்.

ஆனால் மிதவைக்கு நெல்லின் வழி உதவாது. குழாய் திறந்திருக்கிறது. வைக்கோல் முதலில் மிதக்கும், இரண்டொரு நாளில் ஊறி அமிழும். வெட்டிய நுனி வழியாக ஒரு கணுவுக்கும் மறு கணுவுக்கும் இடையிலுள்ள மொத்த இடமும் நிறைந்துவிடும். நெட்டியை வெட்டினால் வெட்டுப்பட்ட வரிசை அறைகளில்தான் தண்ணீர் ஏறும். அதற்கு அடுத்த வரிசை மூடியே இருக்கும். நாட்பட்டால் மெல்லிய சுவர்கள் வழியே அங்கும் ஈரம் ஊறும் என்பது வேறு விஷயம். வெள்ளைக்காரர்கள் தலையில் வைத்துத் திரிந்த சோலா தொப்பி நெட்டியில் செய்ததுதான். வெயிலுக்கு அதைப்போல ஒன்று கிடையாது. அடைமழையில் நனைந்தால் கொழகொழத்துவிடும்.

இப்போது தூண்டிலுக்கு வருவோம். கழி, தங்கூஸ் நரம்பு, முள், ஈயம், தக்கை. இதில் தக்கை என்பது நெட்டித் துண்டாக இருக்கலாம், சோளத்தட்டையாக இருக்கலாம், ரப்பர் செருப்பிலிருந்து வெட்டியதாகவும் இருக்கலாம். கெண்டை பிடிக்கும் பையன்களுக்குத் தெரியும், எல்லாவற்றிலும் உசத்தி மயில் தோகைத் தண்டுதான். அதன் உயர்வுக்குக் காரணம் அது நன்றாக மிதப்பது அல்ல, ஒல்லியாக இருப்பது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு நெட்டுக்குத்தாக மிதக்கிறது. மீன் 1 கிராம் விசையில் இழுத்தால், அந்த 1 கிராமுக்குச் சமமான தண்ணீரைத் தள்ள அது சுமார் 8 சென்டிமீட்டர் கீழே போக வேண்டும். நீர்மட்டத்தில் 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குண்டுத் தக்கைக்கு 3 மில்லிமீட்டர் போதும். ஒன்று மீன் முகர்ந்ததையே சொல்லிவிடும். மற்றது விழுங்கிய பிறகுதான் சொல்லும். மயிலிறகின் தண்டைக் குறுக்கே வெட்டினால் ஓட்டுக்குள் வெள்ளையாக நுரைத்த சதை தெரியும். அதுவும் மூடிய அறைகளின் கூட்டமே. இரண்டு முழ நீளத் தோகையை வளையாமல் நிறுத்தவும் வேண்டும், பறவையால் தூக்கவும் முடிய வேண்டும் என்பதற்காக மயில் கண்ட வழி.

இறகும் முடியும் நகமும் கெராட்டின் என்ற ஒரே புரதச் சரக்கு. அதன் அடர்த்தி தண்ணீரைப்போல ஏறக்குறைய 1.3 மடங்கு. அதாவது கெட்டியான முடி தண்ணீரில் அமிழத்தான் வேண்டும். ஒரு முடியின் பருமனில் நூற்றுக்கு இருபத்துமூன்று பங்குக்கு மேல் காற்று இருந்தால் கணக்கு திரும்பி, அது மிதக்கும். மனிதத் தலைமுடி அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே வராது. குளிர்நாட்டு மானின் உடல்முடி அதை வெகு சுலபமாகத் தாண்டிவிடும்.

எந்த முடிக்கும் வெளியே செதில் உறை, நடுவே கெட்டியான பட்டை, உள்ளே மையப்பகுதி என்று மூன்று அடுக்கு உண்டு. நம் முடியில் மையப்பகுதி ஒரு நூலிழை. பல முடிகளில் அதுவும் இருக்காது. வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானின் குளிர்கால முடியில் மையப்பகுதிதான் கிட்டத்தட்ட முழு முடியும். பட்டை வெறும் தோலாகச் சுருங்கிவிட்டது. மையம் முழுக்கத் தேனடை மாதிரி அடுக்கடுக்காகக் காற்றறைகள். மான் முடி உள்ளீடற்ற குழாய் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அப்படியிருந்தால் வைக்கோலுக்கு நேர்ந்த கதிதான் அதற்கும் நேர்ந்திருக்கும். அறை அறையாகப் பிரித்திருப்பதால்தான் எங்கே கத்தரித்தாலும் மிதக்கிறது. மானுக்கு இது குளிருக்கான சட்டை. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. பனி பெய்யும் நாளில் அந்த மானின் முதுகில் விழுந்த பனி உருகாமலே கிடக்கும், உடம்புச் சூடு அவ்வளவு தூரம் வெளியே வருவதில்லை. கோடையில் இந்தச் சட்டை உதிர்ந்து, மெல்லிய செம்முடி வந்துவிடும். அந்தக் கோடை முடி தூண்டில்காரர்களுக்கு அவ்வளவாக உதவாது.

அந்த முடியைக் கொக்கியில் கட்டுவது எப்படி என்று பார்த்தால்தான் இந்த அமைப்பின் அருமை புரியும். மேசையில் சின்னக் கவ்வி. அதில் கொக்கியின் வளைவைக் கடித்துப் பிடித்தபடி நிறுத்துகிறார்கள். பதனிட்ட தோலிலிருந்து பென்சில் கனத்துக்கு ஒரு கற்றை முடியை அடியோடு வெட்டி எடுக்கிறார்கள். நீள முடிகளுக்கு இடையே அடியில் பஞ்சு மாதிரி மென்முடி மண்டியிருக்கும். அதைச் சீப்பால் முழுக்க வாரி எடுத்துவிட வேண்டும், ஒரு சிட்டிகை மிஞ்சினாலும் அடுத்த காரியம் நடக்காது. கற்றையைக் கொக்கியின் தண்டுமேல் வைத்து, உறுதியான நூலால் தளர்வாக இரண்டு சுற்று. இதுவரை சாதாரணமாகத்தான் இருக்கும். இனி நூலை ஒரே சீராக இறுக்கியபடி மூன்றாவது சுற்று போனதும், படுத்திருந்த கற்றை முழுக்கச் சட்டென்று சிலிர்த்து எழுந்து நாலாபக்கமும் விரிகிறது. விரிந்தபடியே தண்டைச் சுற்றி ஓடி முழு வட்டமாகிவிடும்.

நூல் பட்ட இடத்தில் காற்றறைகள் நசுங்குகின்றன. அங்கே மட்டும் முடி தட்டையாகி ஓர் இடுப்பு விழுகிறது. அந்த இடுப்புக்கு இருபுறமும் பருத்தே இருக்கும் முடி, கீழே தண்டும் பக்கத்தில் மற்ற முடிகளும் நெருக்குவதால், போக வேறு இடமில்லாமல் வெளிப்பக்கம் மடிகிறது. ஏறக்குறைய செங்குத்தாகவே நிற்கும். அதே மானின் வால்முடியை எடுத்து இதையே செய்து பாருங்கள், சும்மா படுத்திருக்கும். வால்முடியில் பட்டை தடிப்பு, காற்று குறைவு. நசுங்க ஒன்றுமில்லை. ஆகவே நூலை இறுக்கும்போது முடி எழுந்து நிற்கிறதா என்பதே, நுண்ணோக்கி இல்லாமல் ஒரு முடியில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று அறிய நல்ல சோதனை.

ஒரு கற்றை முடிந்ததும் அதை விரலால் பின்னுக்குத் தள்ளி நெருக்கி, பக்கத்தில் அடுத்த கற்றை. தள்ளி நெருக்குவதில்தான் தேர்ச்சி இருக்கிறது. வயிற்றுக்கு மஞ்சள் தோய்த்த முடி, முதுகுக்குப் பச்சை தோய்த்தது என்று ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டுவதும் உண்டு. கொக்கி முழுக்க நிறைந்தால் பார்க்க முள்ளம்பன்றிக்குட்டி. பிறகு சவரப் பிளேடை வில்லாக வளைத்துக்கொண்டு சீவத் தொடங்குகிறார்கள். வயிற்றுப்பக்கம் ஒட்டச் சீவ வேண்டும், இல்லாவிட்டால் முள்ளின் வாய் அடைபட்டு மீன் தைக்காது. முதுகை உருட்டிவிட வேண்டும். மேசையெல்லாம் முடி, மூக்கெல்லாம் முடி. கடைசியில் கையில் இருப்பது எலுமிச்சை அளவுள்ள, அழுத்தினால் அமுங்குகிற தவளை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜோ மெஸ்ஸிங்கர் என்பவர் கட்டிய மான்முடித் தவளை இந்தக் கலையில் பெயர் பெற்றது. கனடாவின் நிப்பிகன் ஆற்றில் 1930களில் டான் கேப்பன் கட்டிய மட்லர் மின்னோ என்னும் சிறுமீன் உருவுக்கும் தலை மான் முடிதான்.

ஆனால் இவர்களெல்லாம் பிந்தியவர்கள். பிலடெல்பியாவின் வில்லியம் பார்ட்ரம் 1770களில் புளோரிடாப் பக்கம் சுற்றிவிட்டு, 1791இல் ஒரு பயண நூல் வெளியிட்டார். அதில் ஒரு மீன்பிடி முறை வருகிறது. படகில் இருவர். ஒருவர் பின்னால் இருந்து சத்தமின்றித் துடுப்புப் போட, முன்னால் இருப்பவர் பத்துப் பன்னிரண்டு அடி நீளக் கழியைப் பிடித்திருக்கிறார். கழி அவ்வளவு நீளம், கயிறோ இரண்டடிகூட இல்லை. அதன் நுனியில் மூன்று கொக்கிகளை முதுகோடு முதுகாகக் கட்டி, மானின் வால்முடியும் சிவப்புத் துணிக்கிழிசலும் பல நிற இறகும் சேர்த்துக் கைமுட்டி அளவுக்கு ஒரு குஞ்சம். கரையோரப் புல்லை ஒட்டி, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் அந்தக் குஞ்சத்தை ஆட்டிக்கொண்டே போகிறார்கள். பெரிய வாய்கொண்ட பாஸ் மீன் பாய்ந்து கவ்வுகிறது.

இதைப் படிக்கும் டெல்டாக்காரருக்கு உடனே ஒன்று தோன்றும். நீள மூங்கில் கழி, குட்டை நரம்பு, முள்ளில் உயிர்த்தவளை. குளத்தில் அல்லி இலைகளுக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு வெளி கிடைத்தால் போதும், அங்கே தவளையைத் தத்தவிட்டுத் தத்தவிட்டு எடுப்பது. விராலுக்கு இதுதானே வழி! இருவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றிருக்க வாய்ப்பில்லை. செடி அடர்ந்த தண்ணீரில் ஒளிந்திருந்து மேலே போகிறதை அடிக்கும் மீனுக்கு, நீளக் கழியும் குட்டைக் கயிறும்தான் விடை. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எச். எஸ். தாமஸ் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி 1873இல் ஒரு புத்தகமும், ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887இல் இன்னொரு புத்தகமும் எழுதினார். நீலகிரியில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டு, அதை இறகால் கட்டிய செயற்கை ஈக்களால் பிடித்து மகிழ்ந்த துரைமார் கூட்டமும் உண்டு. சமவெளிக் குளத்து விரால் அவர்களுடைய கௌரவப் பட்டியலில் கடைசியில்தான் இருந்தது. தவறான ரசனை என்பேன்.

விரால் மேலே போகிறதை ஏன் இவ்வளவு கவனிக்கிறது? அதற்கு நீர்மட்டத்தோடு உயிர்த்தொடர்பு. விராலின் தலைக்குள் செவுளுக்கு மேலே ஒரு பை இருக்கிறது. அதன் சுவரெல்லாம் ரத்தம் ஓடும் மடிப்புகள். மேலே வந்து வாயால் காற்றை வாங்கி அந்தப் பையில் அடைத்துக்கொண்டு இறங்கும். வளர்ந்த விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வரவிடாமல் தடுத்தால், எவ்வளவு நல்ல தண்ணீரானாலும் மூச்சுமுட்டிச் செத்துவிடும். மீன் தண்ணீரில் மூழ்கிச் சாவது என்பது கேட்க வேடிக்கையாக இருக்கும், நடப்பது அதுதான். சந்தையில் அலுமினியப் பாத்திரத்தில் ஒரு சாண் தண்ணீரில் விரால் நாள் முழுக்க உயிரோடு கிடப்பதும் இந்தப் பையால்தான். சித்திரை வெயிலில் வாய்க்கால் வற்றிக் குட்டையாகி, குட்டை சேறாகி, மற்ற மீனெல்லாம் மிதந்த பிறகும் விரால் சேற்றுக்குள் தாக்குப்பிடித்து, மேட்டூர்த் தண்ணீர் வரும்வரை காத்திருக்கும்.

ஆக நெட்டியும் நெல்லும் மானும் மயிலும் ஏதோ ஒரு வகையில் காற்றை உடம்புக்குள் வைத்திருப்பதைப்போல விராலும் வைத்திருக்கிறது. ஒரே ஓர் அறையில், சில நிமிடத்துக்கு மட்டும். பிறகு மறுபடி மேலே வந்தாக வேண்டும். மேலே வரும்போது தண்ணீரில் ஒரு வட்டம் விழும். விரால் பிடிக்கிறவர்கள் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது அந்த வட்டத்தைத்தான்.

இதற்கு நேர்மாறாக ஒன்று, அதே குளக்கரையில் பட்டுப்போன மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும் நீர்க்காகம். இறகில் காற்று நிறைய இருந்தால் முங்க முடியாது. அதனால் அதன் இறகின் வெளிப்பகுதி நனையும்படியே அமைந்திருக்கிறது, உட்பகுதி மட்டும் உடம்பை ஒட்டிக் கொஞ்சம் காற்றைக் காத்துக்கொள்ளும். நனைந்த இறகோடு ஆழம் போய் மீனைப் பிடித்துவிட்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறது.

நனைவது தூண்டில்காரருக்கும் தலைவலிதான். மான்முடித் தவளை நாள் முழுக்க ஒரே மாதிரி மிதக்காது. அறைக்குள் தண்ணீர் போகாவிட்டாலும் முடிக்கும் முடிக்கும் இடையே உள்ள சந்துகளில் ஏறும். சந்து எவ்வளவு குறுகலோ, முடி எவ்வளவு எண்ணெய்ப் பசையோடு இருக்கிறதோ, அவ்வளவுக்குத் தண்ணீர் தயங்கும். நெருக்கிக் கட்ட வேண்டும் என்பதன் காரணம் அழகு மட்டுமல்ல. மெழுகோ கொழுப்போ தடவிக்கொள்கிறார்கள். மீனின் வழுவழுப்பு ஒட்டினால் அந்தப் பசை போய், தவளை தாழத் தொடங்கிவிடும். அலசிப் பிழிந்து உலர்த்தினால் மறுபடி எழும்.

இப்போது டெல்டாவில் இளைஞர்கள் சுழல் ரீலோடு ரப்பர் தவளைகளைத்தான் வீசுகிறார்கள். அதன் வயிற்றில் ஒரே பெரிய அறை. கொக்கி வெளியே வரும் ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்து நிறைந்துவிடும், அடிக்கடி கையில் எடுத்து வயிற்றை அமுக்கிப் பீய்ச்ச வேண்டும். இருந்தாலும் இதில் எனக்கு ஒரு சந்தோஷம், முள்ளில் கோக்க உயிர்த்தவளையைத் தேட வேண்டியதில்லை. தவளைக்காலை ஏற்றுமதி செய்து செய்து வயல்களில் தவளை அருகி, பூச்சி பெருகுகிறது என்ற கவலையில் 1987இல் இந்தியா அந்த ஏற்றுமதியையே நிறுத்தியது. ஒரு தவளை வயலில் இருப்பது குடியானவருக்கு லாபம்.

ஒரு விஷயத்தில் ரப்பர் தவளையும் மான்முடித் தவளையும் உயிர்த்தவளையும் ஒரே பாவம் செய்கின்றன. விரால் முட்டையும் மிதக்கும். அது காற்றால் அல்ல, முட்டைக்குள் இருக்கும் எண்ணெய்த் துளியால். செடிகளை விலக்கி ஒதுக்கிய இடத்தில் நீர்மட்டத்திலேயே முட்டைகள் பரவிக் கிடக்க, பெற்ற மீன்கள் அடியில் நின்று காவல் காக்கும். பொரித்த குஞ்சுகள் செம்மஞ்சளாக, பந்தாகத் திரண்டு, மேலும் கீழுமாகத் திரியும். அந்தப் பந்தின் மேல் எது மிதந்து வந்தாலும் கீழிருந்து பெரிய விரால் பாயும். பசி காரணமில்லை. இதைத் தெரிந்துகொண்டு குஞ்சுக் கூட்டத்தைத் தேடிப்போய் அதன்மேல் தவளையை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். நிச்சயமாக மீன் கிடைக்கும். காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்க்கும். அடுத்த ஆண்டு அந்தக் குளத்தில் விரால் இல்லை என்று புலம்புகிறவர்களும் அவர்களேதான்.

சரி, தஞ்சாவூரில் ஒருவர் மான்முடித் தவளை கட்ட ஆசைப்பட்டால்? டெல்டாவின் கடைக்கோடியில் கோடியக்கரைச் சரணாலயம் இருக்கிறது, 1967இல் அறிவித்தது. அங்கே வெளிமானும் புள்ளிமானும் உண்டு. ஆசை அங்கே போக வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மானின் கொம்பைப்போலவே முடியும் அடக்கம். மயில் தோகைக்கு மட்டும் உள்நாட்டில் ஒரு விலக்கு உண்டு, தானாக உதிர்ந்தது என்றால். சட்டத்தை விட்டாலும் நம் புள்ளிமானுக்குப் பனியில் நிற்கும் கவலை இல்லை. வெள்ளைவால் மானின் குளிர்காலச் சட்டை அதற்கு வேண்டியதும் இல்லை, அதனிடம் இருப்பது குட்டை முடி. இலங்கையிலும் கென்யாவிலும் தொழிற்கூடங்களில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளுக்குத் தூண்டில் ஈக்கள் கட்டுகிறார்கள். அங்கேயும் மான் முடி வெளிநாட்டிலிருந்து வரும் சரக்குதான்.

நம்மிடம் நெட்டி இருக்கிறது. 1 கிராம் எடையுள்ள எஃகு முள் தண்ணீருக்குள் 0.87 கிராம் மட்டுமே கனக்கும், மிச்சத்தைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. அதை மிதக்கவிடக் கட்டைவிரல் நுனியளவு நெட்டி போதும். மேலை நாட்டிலும் மான் முடி கட்டப் பொறுமை இல்லாதவர்கள் கார்க்கிலும் பால்சா மரத்திலும் தவளை செதுக்கிக்கொள்கிறார்கள். நெட்டி பால்சாவைவிட இலேசு, கூரான கத்திக்கு வெண்ணெயாக வழிவிடும். கட்டினால் சிலிர்க்காது, மீனின் வாயில் மான்முடி அளவுக்கு மெத்தென்றும் இருக்காது. செதுக்கிய பிறகு வெட்டுப்பட்ட அறைகளை அடைக்க இரண்டு பூச்சு வார்னிஷ் அவசியம். முள்ளைப் பதிக்கும் கீறலை வயிற்றுப்பக்கம் போட வேண்டும். முதுகில் போட்டால் எஃகின் கனம் கீழே போகப் பார்த்து, தவளை மல்லாந்துவிடும். மல்லாந்த தவளையைச் செத்தது என்று விரால் விட்டுவிடுமா, சுலபமான தீனி என்று பாய்ந்து கவ்வுமா என்று கேட்டால், எந்தக் குளக்கரையிலும் இரண்டு கட்சி இருக்கும்.